எண்ணெய் பூசிய பிறேக்

“முன் பிறேக் பிடிக்கேக்க கத்துதப்பா.”

“எப்பிடிக் கத்துது?”

“கோழியைப் பிடிச்சு அமத்தினமாதிரி.”

“பேடோ, சேவலோ?”

“கேட்டுப் பாக்கேல்லை.”

“சரி, பாப்பம்.”

அந்தக் கிழமையில் ஜெனீற்றாவும் அவள் கணவன் கிறிஸ்ரியும் பேசிய ஆக நீளமான பேச்சு அதுதான். துறைக்குப் போகும் வழியில் அதை நினைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிரிக்காமலே பேசி முடித்தது இப்போதுதான் உறைத்தது.

மாசியில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இறந்தே பிறந்தது. தையல் போட்ட வயிற்றோடு அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்க, கிறிஸ்ரிதான் தமையனோடு போய்ச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வந்தான். அவனுடைய காற்சட்டை விளிம்பில் மண் ஒட்டியிருந்தது. “எல்லாம் முடிஞ்சுது” என்றான். எந்த இடம் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்கவென்று வாயெடுக்கும் நேரமெல்லாம் அவன் முகத்தைப் பார்ப்பாள். “சோறு போடட்டோ?” என்றுதான் வரும்.

அதன் பிறகு எதுவும் பெரிதாக வலிக்கவில்லை. தலை வாரினாள், பூசைக்குப் போனாள், காரைநகர் மருந்துக் கடையில் சனம் கேட்ட குளிசையை எண்ணிக் கொடுத்தாள். கிறிஸ்ரி இரவு மீன்பிடித்து விடியக் கடலால் வந்து படுத்துவிட்டால் அவனுடைய மோட்டார் சைக்கிள் சும்மா நிற்கும். அதில்தான் வேலைக்குப் போய்வருவாள். ஊர்காவற்றுறையில் இருந்து காரைநகருக்கு ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிப்போகும் தட்டையான மிதவைக்கு ஊரில் பெயர் பாதை. அதில் தெறித்த உப்புத் தண்ணீரில்தான் பிறேக் கத்தத் தொடங்கியிருக்க வேண்டும்.

இன்று சந்தியில் மெல்லப் பிடித்தபோது சத்தமே வரவில்லை. கிறிஸ்ரி திருத்திவிட்டான் போல என்று நினைத்தாள். அதோடு அதை விட்டுவிட்டாள்.

துறையில் சீமெந்துச் சரிவு நேரே கடலுக்குள் இறங்கும். பாதை இன்னும் கரைக்கு வந்து சேரவில்லை. முன் பிறேக்கைப் பிடித்தாள். பிடி கைக்குள் வந்தது, மோட்டார் சைக்கிள் நிற்கவில்லை. பின் பிறேக்கை மிதித்தாள், ஈரச் சீமெந்தில் சில்லு வழுக்கியது.

“அக்கா! பிடியுங்கோ, பிடியுங்கோ!”

“பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்,” என்றாள், யாருக்கோ விலாசம் சொல்வதுபோல.

முழங்கால் ஆழத்தில் சைக்கிள் சரிந்தது. பாதைக்குக் காத்து நின்ற இரண்டு பேர் ஓடிவந்து அவளையும் அதையும் தூக்கினார்கள்.

“பயந்துபோனியளோ?”

“இல்லை.”

உண்மையாகவே இல்லை. தண்ணீர் கிட்ட வந்தபோது மனதில் ஒன்றுமே அசையவில்லை. போகட்டும் என்றுகூட அவள் நினைக்கவில்லை. ஈர உடுப்போடு கரையில் குந்தியிருந்தபோது அதுதான் அவளைப் பிடித்து உலுக்கியது.

தகவல் கேட்டுக் கிறிஸ்ரி நித்திரைக் கண்ணோடு ஓடிவந்தான். “அடிபட்டதோ?” என்று இரண்டு தரம் கேட்டான். பிறகு சைக்கிளை உருட்டினான். அவள் பின்னால் நடந்தாள். சந்தியில் ஜெகதீஸின் கராஜ் திறந்திருந்தது.

ஜெகதீஸ் முன் சில்லைக் கழற்றி, பிறேக் கட்டை இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

“பாருங்கோ அண்ணை. இது தேஞ்சு இரும்பே தெரியுது. மற்றது அரைவாசி கிடக்கு. உப்பில கட்டையை நகத்துற ஊசி இறுகி ஒருபக்கமாத் தின்றிருக்கு. கத்தாமல் என்ன செய்யும்?”

பிறகு சில்லின் தகட்டை விரலால் தடவி மணந்து பார்த்தான்.

“ஆரப்பா இதுக்கு எண்ணெய் பூசினது?”

கிறிஸ்ரி நிலத்தைப் பார்த்தான். “நான்தான்.”

“வள்ளத்து எண்ணெயோ?”

“ஓம். உப்புப் பிடிச்சுத்தான் கத்துதெண்டு நினைச்சன்.”

கடலால் வந்ததும் இயந்திரம், கொளுக்கி, பூட்டு என்று இரும்பாய் இருக்கும் எல்லாவற்றையும் எண்ணெய்ச் சீலையால் துடைத்துவிட்டுத்தான் அவன் வீட்டுக்கு வருவான். இன்று விடிய அதே சீலை இதற்கும் வந்திருக்கிறது.

“நல்ல ஆள் நீங்கள்! வள்ளத்துக்குப் பூசினால் அது துருப்பிடியாமல் கிடக்கும். இதுக்குப் பூசினால் அக்கா வள்ளமில்லாமலே கடலுக்குப் போவா!” ஜெகதீஸ் பெரிதாகச் சிரித்தான். மற்ற இரண்டு பேரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினான். “புதுக் கட்டை கிடக்கோ எண்டு பின்னுக்குப் பாத்துக்கொண்டு வாறன்,” என்று உள்ளே போனான்.

கிறிஸ்ரி தேய்ந்த கட்டையை எடுத்துப் பார்த்தான். அதில் தெரிந்த இரும்பைப் பெருவிரலால் தேய்த்தான்.

“நீர் நித்திரையா இருக்கேக்க பூசினனான். அந்தச் சத்தம் உமக்குக் கரைச்சலா இருக்குமெண்டு,” என்றான். “சத்தத்தை நிப்பாட்டினாப் போதுமெண்டு நினைச்சிட்டன்.”

“எனக்குப் பயம் வரேல்லை.”

“என்ன?”

“தண்ணிக்கை போகேக்கையும் வரேல்லை. ஒண்டும் வரேல்லை. இப்பிடியே இருந்திடுவனோ எண்டுதான் இப்ப பயமாக் கிடக்கு.”

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கண்ணைத் திருப்பவில்லை.

“நான் என்ன செய்யவேணும்? சொல்லும், செய்யிறன்.”

சோறு, தேத்தண்ணி, கடை என்று வழக்கமான சொற்கள் வாய்வரை வந்தன. அவள் அவற்றை விழுங்கினாள்.

“பிள்ளையைத் தாட்ட இடத்தை எனக்குக் காட்டுங்கோ.”