ஏதென்ஸின் ஆறு தளபதிகள்

கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப் போன தோணி திரும்பி வந்தபோது பர்னபாஸ் அதில் இல்லை. ஐப்பசிப் புயல் அடித்து ஓய்ந்த வாரம் அது. பாயைச் சுருட்டப் பாய்மரத்தில் ஏறியவனைக் காற்று பிடுங்கிக் கடலில் போட்டுவிட்டது என்று மட்டும் தோணியில் கூட வேலை பார்த்த கலாசிகள் சொன்னார்கள். தோணியை நடத்திய தண்டல் ரோச், வீட்டு வாசல்வரை வந்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி கொஞ்சநேரம் நின்றார். உள்ளே வராமலே போய்விட்டார்.

பர்னபாஸின் தம்பி வளன் கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தான். அப்பா இறந்த பிறகு, "நீ உப்புத் தண்ணியில எறங்கக் கூடாதுலே" என்று சொல்லி அவனைப் படிக்கச் சேர்த்தவன் அண்ணன்தான்.

கல்லறைத் திருநாள் வந்தது. அம்மா அந்தோணியம்மாள் கணவரின் கல்லறையில் ஒரு மெழுகுதிரி ஏற்றினாள். மகனுக்கென்று வாங்கியதை ஏற்ற இடமில்லாமல் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தாள்.

அந்த வாரம் பேராசிரியர் ஜீவமணி, கிரேக்க ரோமானிய நாகரிகத் தாளில் ஏதென்ஸின் கடற்போர் ஒன்றை நடத்தினார். போரில் ஏதென்ஸ்தான் ஜெயித்தது. ஆனால் உடைந்த கப்பல்களோடு கடலில் கிடந்த தன் வீரர்களைப் புயலில் எடுக்க முடியாமல் போயிற்று. ஊர் கொதித்தது. ஜெயித்துத் திரும்பிய ஆறு தளபதிகளுக்கு மக்கள் சபை மரண தண்டனை விதித்தது. அந்த இடத்தில் மணி அடித்துவிட்டது. வகுப்பு கலைந்த பிறகும் வளன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா தலைவிரி கோலமாக இருந்தாள். ஒரு கலாசி வாய்தவறிச் சொல்லிவிட்டான். விழுந்தவன் தண்ணீரிலிருந்து வெகுநேரம் கூப்பிட்டிருக்கிறான். தண்டல் தோணியைத் திருப்பவில்லை.

ஆத்திரத்தில் வளன் ஏதென்ஸ் கதையைச் சொன்னான்.

"கொன்னே போட்டாவளா?" என்றாள் அம்மா.

"கொன்னுட்டாங்கம்மா."

"அதுல்லா ஞாயம் தெரிஞ்ச ஊரு. ஞாயித்துக்கெழம ஊர்க்கூட்டம் போடச் சொல்லியிருக்கேன். நீ எந்திரிச்சு இதச் சொல்லணும்."

மறுநாள் அவன் ஜீவமணியிடம் போய், "பிறகு என்ன ஆச்சு சார்?" என்று கேட்டான்.

"பிறகா? கொஞ்ச நாள்லயே ஜனங்க வருத்தப்பட்டாங்க. கொல்லச் சொல்லித் தூண்டுனவங்க மேலயே வழக்குப் போட்டாங்க. போன உயிர் வருமா? அடுத்த வருஷம் நல்லா நடத்த ஆளில்லாம மொத்தக் கடற்படையும் அழிஞ்சுது. பரீட்சைக்கு வரும், குறிச்சுக்கோ."

வளன் குறித்துக்கொள்ளவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. ரோச் நடுவில் நின்றார்.

"பய கூப்பிட்ட சத்தம் கேட்டுச்சா தண்டலு?" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார்.

"கேட்டுச்சு. 'மாமா, மாமா'ன்னு என்னத்தான் கூப்பிட்டான்." என்றார் ரோச். "திருப்புனா தோணி கவுந்திருக்கும். உள்ள எட்டுப் பேரு. நாந்தான் திருப்ப வேண்டாம்னேன். பயலுவ மேல குத்தமில்ல."

அம்மா வளனின் முழங்கையைத் தள்ளினாள். அவன் எழுந்து ஏதென்ஸைப் பற்றிச் சொன்னான். ஆறு பேரைக் கொன்ற இடம் வந்ததும் கூட்டத்தில், "அப்படிச் சொல்லுலே!" என்று ஒரு குரல் எழுந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அண்ணன் 'மாமா' என்று கூப்பிட்ட சத்தம் காதுக்குள் அறைந்துகொண்டிருந்தது. இந்த ஆள் சாகட்டும் என்றுதான் அவனுக்கும் இருந்தது. ஆனால் மிச்சக் கதையை விழுங்கிவிட்டு உட்கார அவனால் முடியவில்லை.

"பொறவு அந்த ஊரே உக்காந்து அழுதுச்சு. தப்புப் பண்ணிட்டோம்னு அழுதுச்சு. தண்டலு மாமா அன்னைக்குத் திருப்பியிருந்தா, இன்னைக்கு இன்னும் எட்டு வீட்டுல எங்கம்மா மாதிரி உக்காந்திருப்பாவ. அவுகளத் தண்டிக்க வேண்டாம்."

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஊர் ரோச்சைத் தண்டிக்கவில்லை. ஆனால் அவர் தோணியில் ஏற ஒரு கலாசியும் வரவில்லை. தை பிறப்பதற்குள் அவர் ஆறுமுகநேரி உப்பளத்துக்கு மூட்டை தூக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அம்மா சோறு பொங்கினாள், தட்டில் போட்டு வைத்தாள், பேசவில்லை. ஒருநாள் வளன் அவள் காலைப் பிடித்தான். "யாரோ செத்துச் சுண்ணாம்பாப் போனவங்களுக்குப் பரிஞ்சு பேசத் தெரியுது ஒனக்கு, ஒங்கண்ணனுக்குப் பேசத் தெரியல" என்றாள். அவ்வளவுதான்.

மாசியில் மணப்பாட்டிலிருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். டிரங்குப் பெட்டியை வளன்தான் பஸ் ஸ்டாண்டுவரை சுமந்து வந்தான். பஸ் ஏறியதும் ஜன்னலோரம் உட்கார்ந்து, நெடுநேரம் கழித்து அவனைப் பார்த்தாள்.

"ஒங்கண்ணன் அங்கன தண்ணியில கெடக்கான்" என்றாள். "நீ போய்ப் படி."

பஸ் நகர்ந்தது. அவன் கொஞ்சதூரம் கூடவே ஓடினான். அம்மா கண்டக்டர் பக்கம் முகத்தைத் திருப்பி டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தாள்.