நிற்காமல் பறந்தால் பதினாலு மணி நேரம்

ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்குக்கூட வராமல், பெட்டியோடு நேரே கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிட்டான் என் தம்பி கிளமென்ட். அம்மாவை முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்கே அடக்கம் செய்தாயிற்று. மேலே கிடந்த மாலைகள் இன்னும் வாடவில்லை.

"காபியாவது குடிச்சியாடா?"

"என் பிடி மண்ணை யாருக்கா போட்டா?"

"நான்தான். ரெண்டு தரம் போட்டேன்."

மகன் போட்ட பிறகுதான் மற்றவர்கள் போடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

"இன்னொரு நாள் ஐஸ் பெட்டியில வச்சிருந்தா என்னவாம்? ஃபாதர் ஒத்துக்கலைன்னியே, எங்க அவரு? நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்."

ஆசீர் ஃபாதர் அப்படிச் சொல்லவே இல்லை. "தம்பி எப்ப வர்றாருன்னு சொல்லுங்க டீச்சர், அதுக்கேத்த மாதிரி வச்சுக்கலாம்" என்றுதான் கேட்டார். நான் போனில் தேடினேன். அவன் இருக்கிற ஆக்லாந்திலிருந்து திருச்சிக்குப் பதினோராயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், விமானத்தில் பதினாலு மணி நேரம் என்று போட்டிருந்தது. முப்பத்தோரு வருஷம் பூகோளம் நடத்தியவள் இல்லையா? "நாளைக்குக் காலையிலயே வந்துருவான் ஃபாதர், நாலு மணிக்கு வச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

கிளமென்ட் டிக்கெட்டை அனுப்பிய பிறகுதான் உறைத்தது. பதினாலு மணி நேரம் என்பது எங்கும் இறங்காமல் பறந்தால் ஆகிற நேரம். அப்படி ஒரு விமானமே கிடையாது. இவன் சிங்கப்பூரில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குள் நாலு மணி என்று கண்ணீர் அஞ்சலி போஸ்டர் தெருமுனையில் ஒட்டியாயிற்று. டீச்சருக்கே கணக்குத் தப்பிப்போயிற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஃபாதரிடம் ஃப்ளைட் லேட், காத்திருக்க வேண்டாம் என்றேன். தம்பியிடம் ஃபாதர் ஒத்துக்கவில்லை என்றேன்.

கிளமென்ட் பெட்டியை இழுத்துக்கொண்டு கிளம்பினான்.

"இருடா."

"நீ தடுக்காதேக்கா."

"ஃபாதர் மேல தப்பில்லடா. நேரம் சொன்னது நான். தப்பாச் சொன்னேன். மாத்தியிருக்கலாம், மாத்தல."

நின்று, முழுவதையும் கேட்டான்.

"எனக்கே உலக உருண்டையைச் சுத்திச் சுத்திக் காட்டினவ நீ. நடுவுல இறங்கி மாறணும்னு தெரியாதா?"

"நான் ஏரோப்ளேன்ல ஏறினதே இல்லையேடா."

பெட்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தான்.

"பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டியா?"

"பொய் சொன்னேன்னு யார்கிட்டப் போய்ச் சொல்ல? அதே ஃபாதர்கிட்டயா?"

சிரித்துவிடுவான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. குனிந்து ஒரு பிடி மண் எடுத்து, மாலைகளை விலக்கி, அம்மா தலைமாட்டில் போட்டான். கையைத் தட்டிக்கொள்ளவில்லை.

"வா," என்றான்.

மாதா கோவிலுக்குப் பின்னால் ஃபாதர் பங்களா. மணியடித்ததும் அவரே வந்து கதவைத் திறந்தார்.

"வாங்க கிளமென்ட் சார். பெட்டியோடவே வந்துட்டீங்களா? ஃப்ளைட் லேட்டாயிருச்சுன்னு டீச்சர் சொன்னாங்க. எங்களுக்கெல்லாம் மனசே ஆறல."

கிளமென்ட் என்னைப் பார்த்தான்.

"ஃப்ளைட் லேட்டாகல ஃபாதர்," என்றேன்.