போட்டது யார்

நாத்தனார் உள்ளே வந்தபோது அவன் இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாதிச் சோறு தட்டுக்கு வெளியே கிடந்தது. வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. தம்பியின் மடியில் கிடந்த வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். கட்டுப் பிரித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். நடுவில் மூன்றும் அடியோடு இல்லை. தையல் போட்ட இடம் பளபளவென்று சிவந்திருந்தது.

"என் வீட்டுச் சுவரெல்லாம் இந்தக் கை பூசுனதுதானேடா," என்றாள். அதற்கு மேல் அழுகை.

அவன் மனைவி அடுப்பருகே சுவரோடு சுவராக நின்றிருந்தாள். அவன் கொத்தனார், அதே கட்டடத்தில் அவள் சித்தாள். விபத்து நடந்த அன்று காலை கலவை மிஷினின் பல்சக்கரத்தில் ஒரு ஜல்லி சிக்கிக்கொண்டது. மிஷினை நிறுத்திவிட்டு, அவளை சுவிட்ச் பக்கத்தில் நிற்க வைத்தான். "நான் சொன்னதும் போடு" என்று சொல்லிவிட்டு டிரம்முக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்தான். டிரம் மறைத்தது. வெயிலில் கண்ணும் கூசியது. 'போடு' என்று ஒரு குரல் கேட்டது. போட்டாள். அந்தக் குரல் மாடியிலிருந்து வந்தது, கயிற்றைக் கீழே போடச் சொல்லி மேஸ்திரி கத்தியது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. 'நான் சொன்னதும்' என்றுதானே அவன் சொன்னான்? அவன் குரலா என்று ஒரு நொடி நிதானித்திருக்கலாம். பன்னிரண்டு வருடம் கூடக் குடித்தனம் செய்தவளுக்கு அந்தக் குரல்கூடவா தெரியாது?

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, "யார் போட்டாங்கன்னு பாக்கல சார்," என்றான் அவன். மேஸ்திரிக்கும் அது வசதியாகப் போயிற்று. இரண்டு மாதமாக அதே பதில்தான். அவளிடம் அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் சட்டை மாட்டிவிட்டாள், குளிப்பாட்டினாள், கேட்பான் கேட்பான் என்று காத்திருந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது.

நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போட்டவன் விளங்குவானா? அவன் கை அழுகிப் போகணும்."

"அக்கா, விடு."

"எதுக்குடா விடணும்? யாருன்னு விசாரிச்சியா இல்லையா?"

"நான்தான் அண்ணி," என்றாள் அவள். சத்தம் பெரிதாக வரவில்லை. "நான்தான் போட்டேன்."

நாத்தனார் அவளைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். அவன் தட்டைத் தள்ளிவிட்டான். பிறகு நாத்தனார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கொண்டுவந்த பழத்தை வாசலிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

"உன்ன யார் கேட்டா?" என்றான் அவன்.

"உங்களுக்கு நான்தான்னு தெரியுமா?"

"தெரியும்."

"எப்படி?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "டிரம்முக்குக் கீழ உன் கால் தெரிஞ்சுது. சுவிட்ச் எட்டலன்னு குதிகாலத் தூக்குன. வேண்டாம்னு கத்த வாயத் திறந்தேன். சத்தம் வரல. கண்ண மூடுனா கை ஞாபகம் வரல எனக்கு. அந்தக் கால்தான் வருது."

அவளுக்குத் தன் கால்களை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. புடவையை இழுத்து மூடினாள். பிறகு பின்பக்கம் போய், ஊறவைத்திருந்த போர்வையைக் கல்லில் அடித்துத் துவைக்க ஆரம்பித்தாள். கனமான போர்வை. தண்ணீரோடு ஒற்றை ஆளாகத் தூக்க வரவில்லை.

அவன் வந்து நின்றான். ஒரு முனையை எடுத்து வலது கையின் இரண்டு விரலுக்குள் வைத்துப் பார்த்தான். வழுக்கி விழுந்தது. மறுபடி எடுத்து மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"முறுக்கு."

மெல்ல முறுக்கினாள். அவன் முகம் சுருங்கியது. நிறுத்தினாள்.

"இன்னும் முறுக்கு," என்றான்.

இருவருக்கும் நடுவே போர்வை இறுகி, அழுக்குத் தண்ணீர் தாரையாகக் கொட்டியது.