மிச்சம் ஒரு டோஸ்

அவளுக்கு வட்டாரத்தில் கொசுக்காரி என்று பெயர். கொசுவின் எச்சில் சுரப்பியை ஊசிமுனையால் பிரித்து, அதற்குள் இருக்கும் மலேரியாக் கிருமியைத் தேடியதிலேயே இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. “கொசுவுக்கு வாழ்க்கைப்பட்டவ” என்று தங்கை கேலி செய்வாள்.

ஒரு வழியாகத் தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்க்கும் கட்டம் வந்தபோது, ஒரு தாயும் பிள்ளையைக் கொண்டுவரவில்லை. “முதல்ல உங்க வீட்டுக் குழந்தைக்குப் போடுங்க” என்றார்கள். கேட்டதில் தப்பில்லை. தையல்கடை வைத்திருந்த தங்கையிடம் போய் நின்றாள்.

“ஆபத்து ஒண்ணும் இல்லையேக்கா?”

“இல்லடி. ஆனா பாதிப் பிள்ளைங்களுக்குத்தான் மலேரியா ஊசி. ஒப்பிட்டுப் பார்க்க மீதிக்கு நாய்க்கடி ஊசி. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது.”

“நல்லா இருக்கு போ, நீ படிச்ச படிப்பு.”

தங்கை ஆறு மாதப் பையனைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்தாள். அதோடு விடவில்லை. துணி தைக்க வந்தவர்களையெல்லாம் பேசிப் பேசிக் கரைத்தாள். அந்த ஊர் கிளினிக்கில் மட்டும் அறுபத்து நாலு பிள்ளைகள் சேர்ந்தார்கள்.

பையனுக்கு இரண்டரை வயதில் காய்ச்சல் வந்தது. மறுநாளே வலிப்பு. பாலத்துக்கு மேல் மழைத்தண்ணீர் ஓடியதால் ஆம்புலன்ஸ் வந்துசேர ஐந்து மணி நேரமானது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவன் ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்து மலேரியாக் கிருமியைப் பார்த்ததும் அவள்தான்.

எட்டு மாதம் கழித்து, யாருக்கு எந்த ஊசி என்ற ரகசியப் பட்டியலைத் திறந்தார்கள். தடுப்பூசி பாதிக்கு மேல் காய்ச்சலைத் தடுத்திருந்தது. தலைமை அலுவலகத்தில் கைதட்டினார்கள். பையன் பெயருக்கு நேரே நாய்க்கடி ஊசி என்று இருந்தது.

மறைத்திருக்கலாம். பொய்கூடச் சொல்லியிருக்கலாம். அவள் நேரே தையல்கடைக்குப் போய்ச் சொன்னாள்.

தங்கை மிஷினை நிறுத்தவில்லை. அந்த ஓரம் தைத்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

“அப்போ அவன் செத்ததையும் சேர்த்துத்தான் மருந்து நல்லதுன்னு கண்டுபிடிச்சீங்களா?”

“ஆமா.”

“அவன் நல்லா இருந்திருந்தா?”

“கணக்கு கொஞ்சம் குறைஞ்சிருக்கும்.”

“கொஞ்சம்” என்றாள் தங்கை.

நாய்க்கடி ஊசி போட்ட பிள்ளைகளுக்கெல்லாம் இனி அசல் ஊசியைப் போட வேண்டும். அதுதான் ஒப்பந்தம். செவ்வாய்க்கிழமை காலையில் வரிசை நின்றது. கடைசியில் தங்கை நின்றாள், இடுப்பில் ஏழு மாதப் பெண் குழந்தை. அண்ணன் போன மறுமாதம் பிறந்தவள்.

ஒரு குப்பியில் இரண்டு பேருக்கு மருந்து. கலக்கிவிட்டால் ஆறு மணி நேரம்தான் தாங்கும். முப்பத்திரண்டு பேர் வரவேண்டிய இடத்தில் முப்பத்தோரு பேர் வந்தார்கள். பதினாறாவது குப்பியில் ஒரு டோஸ் மிச்சம்.

“இவளுக்குப் போடுக்கா. அவன் பங்குதானே அது?”

“இவ பட்டியல்ல இல்லடி.”

“வீணாத்தானே போகப்போகுது?”

“வீணாத்தான் போகும்.”

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். “மேடம், நான் வேணா அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.”

பட்டியலில் இல்லாத குழந்தை, அதுவும் சொந்தத் தங்கை மகள். வெளியே தெரிந்தால் மொத்த ஆய்வையும் சந்தேகப்படுவார்கள். தடுப்பூசிக்கு அரசு அனுமதி இரண்டு வருடமாவது தள்ளிப்போகும். அதில் எத்தனை பிள்ளைகள் போவார்கள் என்று அவளுக்குக் கணக்குத் தெரியும்.

“அனுமதி கிடைச்சதும் முதல் ஊசி இவளுக்குத்தான்.”

“எப்போ?”

“மூணு வருஷம் ஆகும்.”

“மூணு மழை” என்றாள் தங்கை.

அவள் குப்பியைச் சிவப்பு வாளியில் போட்டு மூடினாள். பதிவேட்டில் ஒரு டோஸ் அழிக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணவில்லை. கோணியிருந்தால் தங்கைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்குமோ என்னவோ.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரவேண்டிய தாய்மார்கள் பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கேட்டாள், “என்ன, உன் பாப்பாவுக்குப் போடலையா?”

“இவளுக்கு இப்போ இல்லையாம். நீ அடுத்த மாசமும் மறக்காம வந்துடு. நல்ல மருந்துதான். மூணு தடவை போட்டாத்தான் பிடிக்கும்.”

தங்கை குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நர்ஸைப் பார்த்தாள்.

“நான் கிளம்பறேன். மேடம்கிட்ட சொல்லிடுங்க.”

மேடம் மூன்றடி தள்ளி நின்று கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.