மக்கும் வாசனை

மொட்டைமாடிக் கதவைத் திறந்ததுமே நாற்றம் அவள் முகத்தில் அடித்தது. பழக்க தோஷத்தில் வலக்கையால் மூக்கைப் பொத்தப் போய், மாவுக்கட்டு நெற்றியில் இடித்ததுதான் மிச்சம். மூன்றாவது மாடி டீச்சர் காலையில் வந்து வாசலில் நின்று, மேலே நாற்றம் தாங்கவில்லை என்று சொன்னபோது, அந்த அம்மாவுக்குத் தும்மினாலும் குற்றம் இருமினாலும் குற்றம் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் டீச்சர் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வரிசையாக இருந்த மூன்று வாளிகளிலிருந்தும் கருப்பாக ஏதோ வழிந்து, தரையில் காய்ந்து பாளமாகியிருந்தது. மூடியைச் சுற்றி ஈக்கள் கூட்டம்.

அவை அவளுடைய வாளிகள். பெயிண்ட் வாளிகளை வாங்கிக் கழுவி, சூடான கம்பியால் பக்கவாட்டில் துளை போட்டு, சமையலறைக் கழிவை மக்க வைக்க அவள் தொடங்கி மூன்று வருடமாகிறது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவது அவள் வேலை. நாள் முழுக்க நூலிழை அளவுக்குக் கண்ணை இடுக்கிவிட்டு வருகிறவளுக்கு, மாலையில் கண்ணைத் தளர விட்டுக்கொண்டு செய்கிற மாதிரி ஏதாவது தேவையாக இருந்தது. ஒரு கை காய்கறித்தோல், இரண்டு கை காய்ந்த இலை, வாரம் இரண்டு முறை கிளறல். கத்தரி, மிளகாய், கீரைத் தொட்டிகளெல்லாம் அந்த மண்ணைத் தின்றுதான் வளர்ந்தன. குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தபோது அவள் முதலில் கவலைப்பட்டது கடை வேலையைப் பற்றி, அடுத்தது இந்த வாளிகளைப் பற்றி. கணவன் தானாகவே முன்வந்தான். "அதை நான் பாத்துக்கறேன், நீ மாடி ஏறாத" என்றான். சொன்னபடி தினமும் சாயங்காலம் மேலே போனான். இறங்கி வந்து எல்லாம் நன்றாக இருக்கிறது, மண் வாசனை வருகிறது என்றும் சொன்னான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கட்டடத்தின் செயலாளர் ஏற்கெனவே கீழே அவனைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு வாரத்துக்குள் நாற்றம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வாளியும் வேண்டாம் தொட்டியும் வேண்டாம், மாடியைப் பூட்டிவிடுவேன் என்பது அவர் தீர்ப்பு. அதைக் கேட்டுவிட்டு மெல்ல மேலே வந்தவனைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் பொங்கியது. செய்ய முடியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். செய்ததாகப் பொய் சொல்ல என்ன அவசியம்?

"இதையா தினமும் கிளறினீங்க?"

அவன் ஆமாம் என்றான். குரலில் குற்ற உணர்வு இல்லை, குழப்பம்தான் இருந்தது. காய்ந்துவிடக் கூடாதே என்று தினமும் ஒரு குவளை தண்ணீர் விட்டதாகவும், ஈ வராமல் இருக்க மூடியை இறுக்கியதாகவும் சொன்னான். காய்ந்த இலை தீர்ந்த பிறகு வெறும் கழிவை மட்டும் போட்டிருக்கிறான். சொல்லிக்கொண்டே முதல் வாளியைத் திறந்தான். அவள் இரண்டடி பின்வாங்கினாள். அவனோ குனிந்து வெறுங்கையை உள்ளே விட்டு, அழுகிய கூழை அள்ளி, மண்ணின் பதம் பார்க்கிறவனைப் போல முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரலிடுக்கில் புழு நெளிந்தது. அவன் முகம் சுளிக்கவில்லை. மூக்கின் ஓரம்கூட அசையவில்லை.

அவளுக்குக் கோபம் சட்டென்று வடிந்தது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. போன மாதம் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து வீடெல்லாம் நாறியபோது, பக்கத்து அறையில் அவன் நிம்மதியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. காதில் விழவில்லையா என்று கேட்டிருந்தாள். காதையல்ல கேட்டிருக்க வேண்டியது.

"உங்களுக்கு வாசனை தெரியலையா?"

அவன் கையிலிருந்ததை மெதுவாக வாளிக்குள் விட்டான். "அந்தக் காய்ச்சல் வந்துச்சுல்ல. அதுக்கப்புறம் இல்ல."

"எதுவுமேவா?"

"எதுவுமே."

காய்ச்சல் வந்து நான்கு மாதமிருக்கும். நான்கு மாதமாக இவன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் மணக்கிறதே என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அது அவளுக்கு உறைப்பதற்குள் அடுத்தது உறைத்தது. தண்ணீர்த் தொட்டியின் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவன் கேஸ் அடுப்பு மெக்கானிக். கட்டடத்தில் எல்லோருக்கும் அவன் பெயரே கேஸ்காரர்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் வீடு வீடாகப் போய்க் கசிவு பார்ப்பவன்.

"கேஸு?" என்றாள்.

அவன் குழாயடிக்குப் போய்க் கை கழுவினான். நீண்ட நேரம் கழுவினான். தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். சோப்பு நுரை தடவித்தான் ஒவ்வொரு இணைப்பையும் பார்ப்பதாக, மற்றவர்கள் ஒருமுறை தடவினால் தான் இரண்டு முறை தடவுவதாகச் சொன்னான். கசிவிருந்தால் கொப்புளிக்கும், நுரை பொய் சொல்லாது என்றான். பிறகு குரல் இறங்கியது. ஒரே ஒரு வீட்டில் தவறிவிட்டது. டியூபை மாற்றிவிட்டு, நுரையும் பார்த்துவிட்டு, சுடரைச் சரிபார்க்க லைட்டரை எடுத்திருக்கிறான். உள்ளறையிலிருந்து ஓடிவந்த அந்த வீட்டு அம்மா அவன் கையைத் தட்டிவிட்டு ஜன்னலைத் திறந்தாராம். கசிந்தது அவன் மாற்றிய டியூபிலிருந்து அல்ல, அடுப்பின் அடிப்பக்கத்துக் குமிழிலிருந்து. இவ்வளவு நாற்றத்தில் எப்படிப் பற்றவைக்கப் போனாய் என்று அந்த அம்மா கேட்டதற்கு, ஜலதோஷம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். தெருவுக்கு வந்த பிறகு வண்டியை ஓட்டாமல் தள்ளிக்கொண்டே வந்தானாம்.

இருபது வருடமாகச் செய்கிற வேலை. சின்ன வயதில் கடைப் பையனாகச் சேர்ந்தபோது, தெருமுனையில் நின்றே எந்த வீட்டில் கசிகிறது என்று சொல்லிவிடுவான் என்று அவன் முதலாளி அவர்கள் கல்யாணத்தில் பெருமையாகச் சொன்னது அவளுக்குத் தெரியும்.

"முதலாளிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொல்லலைன்னா நான் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா எனக்குத் தூக்கம் வராது" என்றாள்.

சொல்கிறேன் என்றான். எப்போது என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இருவரும் வாளிகளின் பக்கம் திரும்பினார்கள். அதுதான் அப்போதைக்குக் கைக்கு எட்டிய வேலை.

அன்று மாலை முழுவதும் அவன் பழைய பிளாஸ்டிக் விரிப்பில் மூன்று வாளிகளையும் கவிழ்த்து, கூழை வெயிலில் பரப்பினான். மரக்கடையிலிருந்து இரண்டு சாக்கு மரத்தூள் வந்தது. தெரு ஓரத்தில் குவிந்திருந்த சருகை அவனே வாரிக்கொண்டு வந்தான். அவள் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து, சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டினால் தூள் போதவில்லை, உதிர்ந்தால் ஈரம் போதவில்லை என்றாள். இதை அவன் உடனே பிடித்துக்கொண்டான். ஸ்பேனரைப் பிடித்துப் பிடித்து எந்தத் திருகு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அறிந்த விரல்கள் அவை. துளைகளைப் பெரிதாக்கி, மூடிக்குப் பதில் வலைத்துணி கட்டினான்.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் வேலை முடிந்து வந்ததும் மேலே போனார்கள். அவன் கிளறுவான், அவள் குனிந்து முகர்ந்து சொல்வாள். முதலில் அழுகிய முட்டை. பிறகு நனைந்த துணியை மடித்து வைத்து மறந்தது போல. பிறகு புளிப்பு. நாற்றம் என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை அறைகள் இருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. அவன் ஒவ்வொன்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். மற்றபடி காலையில் பையை எடுத்துக்கொண்டு எப்போதும் போல வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அவள் கடையில் லென்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாருடைய கைபேசி அடித்தாலும் அவளுக்குத் தூக்கிவாரிப் போடும். இடக்கையால் செய்கிற வேலை வேறு. அந்த வாரம் இரண்டு லென்ஸ் கீறலாகிப் போனது. தன் முதலாளியிடம் அவன் சொல்லிவிட்டானா என்று அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. கோபம் வந்தால் சண்டை போட்டுத் தீர்த்துவிடலாம். பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை மாலை டீச்சர் சோதனை போட மாடிக்கே வந்துவிட்டார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவர், வாளியருகே அதை எடுத்துவிட்டு முகர்ந்து பார்த்தார். மறுபடி முகர்ந்தார். பரவாயில்லையே, நிஜமாகவே குறைந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். செயலாளரிடம் தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னார். வந்த காரியம் முடிந்து திரும்பியவர், ஏதோ நினைவு வந்தாற்போல நின்றார்.

"கேஸ்காரரே, ரெண்டு நாளா எங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சா லேசா கேஸ் வாசனை அடிக்குது. போகும்போது ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன்."

அவள் அவனைப் பார்த்தாள். குச்சியால் வாளியைக் கிளறிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். இதோ வருகிறேன் என்று சொல்வது எவ்வளவு எளிது என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு மாடி கீழே இறங்க வேண்டும், நுரை தடவ வேண்டும், அவ்வளவுதான். டீச்சரிடம் ஒன்றைச் சொன்னால் அது பொழுது சாய்வதற்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிடும் என்பதும் தெரியும்.

"எனக்கு மூக்கு வேலை செய்யல, டீச்சர்" என்றான் அவன். "ரொம்ப நாளாவே. நான் வந்து ரெகுலேட்டரை மூடிடறேன். வேற ஆள் வந்து பாக்கற வரைக்கும் அடுப்பைத் தொடாதீங்க."

டீச்சர் விளையாட்டா என்பது போல அவளைப் பார்த்தார். அவள் இல்லை என்று தலையசைத்தாள். மூவரும் இறங்கிப் போனார்கள். அவன் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, விளக்கு சுவிட்சைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாசலுக்கு வெளியே வந்து நின்று முதலாளிக்கு போன் போட்டான். அடுப்புக்கு ஆள் அனுப்பச் சொன்னான். ஏன் நீ பார்க்கவில்லை என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். அவன் மாடிப்படியில் உட்கார்ந்தான். நான்கு மாதத்தையும் அங்கேயே, டீச்சரின் காது கேட்கவே, சொன்னான். முதலாளியின் கத்தல் அவள் நின்ற இடம் வரை கேட்டது. அவன் போனைக் காதிலிருந்து விலக்கவில்லை.

கத்தி முடித்த முதலாளி சில நாள் அவனிடம் பேசவே இல்லை. பிறகு கடைக்கு வரச் சொன்னார். இப்போது அவன் கடையின் பின்கட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பழுதான அடுப்புகளைப் பிரித்து, பர்னர் துளைகளை ஊசியால் சுத்தம் செய்கிறான். அவன் போன வீடுகளுக்கெல்லாம் வேறொருவன் போகிறான். சில வீடுகளில் அவனே வேண்டுமென்று கேட்கிறார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவான். காது மூக்கு மருத்துவர் இது திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். காலையும் மாலையும் தூக்கலான வாசனை உள்ளதாக எதையாவது முகர்ந்து பழகச் சொன்னார். கிராம்பையும் எலுமிச்சைத் தோலையும் வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் மாதிரி கொஞ்ச நாள் செய்தான். ஒன்றும் நடக்கவில்லை. கிராம்பு டப்பா சமையலறைக்கே திரும்பிவிட்டது.

செயலாளர் மாடியைப் பூட்டவில்லை. அந்த ஆளுக்கு மூக்கு இல்லையென்றால் எங்களுக்குமா இல்லை, சொல்லியிருந்தால் நாங்கள் முகர்ந்து சொல்லியிருப்போமே என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் தன் வீட்டுக் காய்கறித்தோலைப் பையில் போட்டு அவர்கள் கதவில் மாட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார்.

அவள் கட்டுப் பிரித்த பிறகு ஒரு விடுமுறை நாளில் முதல் வாளி தயாரானது. கருத்து, உதிரியாக, எது தோல் எது இலை என்று தெரியாத மண். வலக்கையில் இன்னும் பலம் வராததால் அவள் மிளகாய்த் தொட்டியைச் சாய்த்து மட்டும் பிடித்துக்கொண்டாள். அவன் இரண்டு கையாலும் அள்ளி வேரைச் சுற்றிப் போட்டான். மூன்றாவது அள்ளலில் கை பாதி வழியில் நின்றது. உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனான். இறக்கினான். நெற்றி சுருங்கியது. திரும்பவும் கொண்டுபோனான், இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு.

சாய்த்த தொட்டியின் கனம் அவள் மணிக்கட்டில் வலிக்கத் தொடங்கியிருந்தது. அதை நிமிர்த்தினால் அவன் கலைந்துவிடுவானோ என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் விரலிடுக்கிலிருந்து மண் கொஞ்சம் கொஞ்சமாக இலைகளின் மேல் உதிர்ந்துகொண்டிருந்தது.