உண்ணாமலையின் கோபத்தில் காய்ந்த சோளம்

1944ஆம் வருஷத்து ஐப்பசி மாதத்திலிருந்து அரும்பாவூர் உண்ணாமலை இருக்கும் இடத்தில் ஈரம் நிற்பதில்லை. துவைத்த சேலை பிழியும்போதே காய்ந்துவிடும். அவளிடம் மோர் வாங்கியவர்கள் தெருமுனைக்கு ஓடிப்போய்த்தான் குடிப்பார்கள். காரணம் கோபம். நியாயமான கோபம், அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை.

யுத்த காலம். பதுக்கல் தானியம் தேடி வைகாசியில் சர்க்கார் ஆள் வந்தபோது கோடை மழை பிடித்துக்கொண்டிருந்தது. கடித்தால் கடுக்கென்று உடையும்வரை காயவைத்து, சாம்பல் கலந்து, பானை வாயைச் சாணியும் மண்ணும் வைத்துப் பூசி உண்ணாமலை காத்த விதைச்சோளம் வீட்டில் இருந்தது. விதையைத் தொட வேண்டாம் என்று வந்தவனே சொன்னான். அவள் புருஷன் வைத்திலிங்கம் கேட்டானா? யோக்கியன் பட்டம் வாங்க வேண்டுமாம்! பூச்சை உடைத்து அள்ளிக் காட்டினான். திரும்பப் பூசாமல் சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் படுத்தும்விட்டான், வெட்கங்கெட்டவன். மழைக்காற்று புகுந்து விதை நமுத்துப்போனது. ஆடியில் விதைத்தது ஒன்றுகூட முளைக்கவில்லை. ஊரெல்லாம் பச்சை, அவர்கள் சோளக்கொல்லை மட்டும் தரிசு. பிள்ளைகள் கூழுக்காக அடுத்த வீட்டுக் காத்தாயி வாசலில் போய் நின்றன. அதைப் பார்த்த அன்று மூண்டதுதான்.

காத்தாயி ஒருநாள் ஈரக் கம்புத் தானியத்தை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்; பேசி முடிப்பதற்குள் காய்ந்துவிட்டது. அப்புறம் ஊரே முறத்தோடு வந்தது. அவளருகில் காய்ந்த விதையில் பூச்சி விழவில்லை, பூஞ்சை பிடிக்கவில்லை. ஆகவே வைத்திலிங்கம் அவளைச் சமாதானம் செய்வது ஊர்க் குற்றமாயிற்று. அவன் அழுதான்தான். கண்ணீர் கன்னத்துக்கு வருமுன் காய்ந்துவிடுவதால் அவள் அதைப் பார்த்ததில்லை.

சுதந்திரம் வந்ததற்கு அடுத்த மாசியில் அறுப்பு நேரத்து மழை. ஊர் விதை முழுவதும் அவளைச் சுற்றிக் கிடந்தது. வைத்திலிங்கத்துக்குத் தாங்கவில்லை.

"தப்புதான் புள்ள. என் புத்திய செருப்பாலதான் அடிக்கணும்" என்று காலில் விழுந்தான்.

உண்ணாமலை அவனையே பார்த்தாள். அவள் நெற்றியில் ஒரு துளி வேர்வை அரும்பியது. முறங்களில் சோளம் நமுக்கத் தொடங்கியது. காத்தாயி பதறிப்போய்க் கத்தினாள்.

"அடியே, ஒம் புள்ளைங்க கூழுக்கு எங்க வாசல்ல வந்து நின்னுச்சே, மறந்துட்டியாடி?"

"மறப்பனா? என் கட்ட வேகுற வரைக்கும் மறக்க மாட்டேன்!"

துளி காய்ந்தது. ஒருவர் சோளத்தைக் கடித்துப் பார்த்தார், கடுக்கென்றது. ஊர் மூச்சு விட்டது. வைத்திலிங்கம் எழுந்து போய்த் தங்கள் விதைச்சோளத்தையும் தூக்கி வந்து அவள் முன்னால் கொட்டினான்.

"மெல்லிசாப் பரப்புய்யா" என்றாள் அவள். "குமிச்சுத் தொலைக்காத."