மூச்சு எடுக்கிற இடம்

“விசிறியைப் பிடுங்காதீங்க!” என்று ஒத்தீலியா கத்தியபோது, எலியொதோரோவின் கைக்குப் பிளக் வந்துவிட்டிருந்தது. சவப்பெட்டியின் தலைமாட்டில் சுற்றிக்கொண்டிருந்த மேசைவிசிறி இன்னும் நாலு சுற்று சுற்றிவிட்டு நின்றது.

“இந்த ரூம்ல இருக்கிறதே ஒரு பாயின்ட்டும்மா. விசிறி வேணுமா பாட்டு வேணுமா, நீங்களே சொல்லுங்க” என்றார் அவர்.

குவாயகில் நகரத்தில், அதுவும் பிப்ரவரி மாதத்தில், யாரிடமும் கேட்கக்கூடாத கேள்வி அது. காலையில் கொட்டித் தீர்த்த மழை தெருவில் முழங்கால் வரை நின்றது. வெயில் வந்ததும் அது அப்படியே ஆவியாகி வீட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் கிடந்த ஒத்தீலியாவின் தங்கை நர்சீசாவைத் தவிர அங்கே வியர்க்காதவர்கள் யாருமில்லை.

எலியொதோரோ அந்தப் பேட்டையின் ஸ்பீக்கர்காரர். ஞானஸ்நானத்துக்கும், பதினைந்து வயதுப் பெண்ணின் பிறந்தநாளுக்கும், தேர்தலுக்கும், சாவுக்கும் அதே இரண்டு கறுப்புப் பெட்டிகள்தான். மைக்கில் “ஹலோ, ஹலோ” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். சாவு வீடு என்பது ஞாபகம் வரவும் மூன்றாவது ஹலோவை விழுங்கிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு சிடி தட்டை எடுத்தார்.

அதன் அட்டையை ஒத்தீலியா தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டாள். முதுகோடு முதுகு சாய்ந்து நிற்கும் இரண்டு பெண்கள். இருவர் தலையிலும் ஊதிவிட்டாற்போல முடி. நெற்றிக்கு மேலே ‘ஒத்தீலியா - நர்சீசா: தங்கப் பாடல்கள்’. பெரிய இசைத்தட்டாக வந்து, கேசட்டாகி, இப்போது சிடியாகப் பேருந்து நிலையத்தில் பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்கிறார்கள். கடற்கரை ஊர்களில் அது இல்லாத வீடு கிடையாது. கல்யாணம் ஆனவர்கள் கேட்பார்கள், கல்யாணம் முறிந்தவர்கள் இன்னும் சத்தமாக வைத்துக் கேட்பார்கள்.

“நாலு மணிக்குப் பெட்டியைத் தூக்கறப்போ இதுதான் போடணும்” என்றாள் மரித்சா. நர்சீசாவின் ஒரே மகள். நேற்று விடிகாலையில் தையல் மெஷின்மேல் தலைசாய்த்துக் கிடந்த அம்மாவை முதலில் பார்த்தவள் அவள்தான். அப்போதிருந்து அவள் உட்காரவே இல்லை. “எனக்கு வேற ஒண்ணும் வேணாம் மாமா. பூ வேணாம், வண்டி வேணாம். எங்கம்மா குரலோடதான் எங்கம்மா போகணும்.”

“அதுக்குத்தானேம்மா நான் இருக்கேன்” என்றார் எலியொதோரோ.

ஒத்தீலியா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தட்டில் நர்சீசாவின் குரல் ஒரு சொல்கூடக் கிடையாது. அது தெரிந்தவர் இரண்டு பேர். ஒருவர் ஒலிப்பதிவு செய்தவர். அவர் செத்து வெகுகாலம் ஆகிறது.

புது இசைத்தட்டுக் கம்பெனிக்கு மாறியபோது வந்த வினை அது. பழைய பதிவுகளெல்லாம் பழைய கம்பெனிக்குச் சொந்தம். தொகுப்பு வேண்டுமானால் எல்லாப் பாட்டையும் புதிதாகப் பாடித் தரவேண்டும். மரித்சா அப்போதுதான் பிறந்திருந்தாள். நர்சீசாவுக்குப் பிரசவக் காய்ச்சல், தொண்டை அடைத்துக் குரலே எழும்பவில்லை. “ரெண்டு வாரம் பொறுக்கா. கஷாயம் குடிச்சு எப்படியாவது வந்துடறேன்” என்று கட்டிலில் கிடந்தபடி காற்றுக் குரலில் சொன்னாள். கம்பெனிக்காரர்கள்கூடப் பொறுத்துக்கொள்கிறோம் என்றார்கள். பொறுக்காதவள் ஒத்தீலியாதான்.

பாட்டை நடத்திச் செல்லும் முதல் குரலைப் பாடி முடித்த பிறகு, சும்மா ஒரு அளவுக்கு இருக்கட்டுமே என்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதோடு இழைந்து வரும் தங்கையின் இரண்டாம் குரலையும் பாடிப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒலிப்பதிவுக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஒரே வயிற்றில் பிறந்த குரல், யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது? தனக்குத் தானே ஜோடி சேர்ந்து ஒலிப்பதைக் கேட்டபோது அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு குஷி. வெட்கக்கேடுதான், ஆனால் குஷி குஷிதான். நர்சீசாவிடம் வந்து, “பழைய பாட்டையே வாங்கிப் போட்டுட்டாங்கடி. நீ நிம்மதியாப் படு” என்றாள். நர்சீசா படுத்தாள். பிறகு மேடைக்கு வரவே இல்லை. ஒத்தீலியா தனியாகப் பாடிப் பெரிய ஆளாவதற்கு மலைமேல் இருக்கும் தலைநகரம் கீத்தோவுக்குப் போனாள், ஆகவும் இல்லை. நர்சீசா பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்கத் தொடங்கினாள்.

அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். இன்று காலையில் செய்ததை எதில் சேர்ப்பது? கீத்தோவில் அவளுடைய அலமாரியின் மேல்தட்டில், பழைய கம்பெனி போட்ட சின்ன இசைத்தட்டுகள் இருக்கின்றன. அதில் இருப்பது நிஜமான நர்சீசா. விமானத்துக்குக் கிளம்பும்போது அவற்றை எடுத்துப் பையில் வைத்தாள். வைத்தவள் யோசித்தாள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் காது உள்ளவன் கண்டுபிடித்துவிடுவானே? பையைத் திறந்து, திரும்ப மேலே வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினாள். தங்கை செத்த மறுநாள்கூட அந்தப் பயம் போகவில்லை. சீ, என்ன ஜென்மம் நான் என்று விமானம் முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். திட்டி என்ன ஆகப்போகிறது, தட்டுகள் மலைக்கு மேலே இருந்தன, நர்சீசா இங்கே இருந்தாள்.

“மரித்சா, சினிமாப் பாட்டு மாதிரி இது எதுக்கும்மா? ஏதாவது ஜெபப் பாட்டு போடலாமே” என்றாள்.

மரித்சா திரும்பிப் பார்த்தாள். இரவெல்லாம் அழுத கண்.

“ஏன் பெரியம்மா, எங்கம்மா குரல் கேட்டா உங்களுக்கு என்ன பண்ணுது? உயிரோட இருந்தப்பதான் மேடையில உங்க பக்கத்துல நிக்கக்கூடாதுன்னு ஆச்சு. இன்னிக்கும் நிக்கக்கூடாதா?”

அறையில் சீட்டாடிக்கொண்டிருந்த ஆண்கள் சீட்டைப் போடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒத்தீலியா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அங்கே பெத்தீதா, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பெரிய பானையிலிருந்து சூரைமீனும் மரவள்ளியும் போட்ட சூப்பைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரி, நர்சீசாவிடம் வெகுநாளாகத் தையல் வேலை பார்த்தவள். கை நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை.

“இந்தாங்க, வெங்காயத்தை நறுக்குங்கக்கா. அழறதுன்னா அதைச் சாக்கா வச்சு அழுதுக்கலாம். நான் காலையிலேருந்து அப்படித்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன்.”

ஒத்தீலியா கத்தியை எடுத்துக்கொண்டாள். சுவரோரம் பாதி தைத்த வெள்ளைச் சட்டைகள் மூட்டையாகக் கட்டிக் கிடந்தன. பள்ளிக்கூடம் திறக்குமுன் முடிக்கவேண்டிய சட்டைகள்.

“சின்னவ சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க. அவளுக்கு அம்மான்னா அந்தத் தட்டுதான். எங்களுக்கும்தான். மத்தியானம் சாப்பிட்டு மெஷின்ல உக்காந்தா நர்சீசாக்கா அதைத்தான் போடுவாங்க. நாங்க அத்தனை பேரும் பாடணும். பாடாட்டி, பட்டனுக்குக் காஜா எடுக்கிற வேலையைத் தலையில கட்டிருவாங்க.”

“எல்லாருமா?”

“ஆமா, ஆனா ரெண்டாம் குரல் மட்டும். முதல் குரலை யாராவது தொட்டோமோ, போச்சு! ‘அதைப் பாடத்தான் எங்கக்கா தட்டுக்குள்ள இருக்காளே, நீங்க என்கூட வாங்கடி’ம்பாங்க. எனக்கெல்லாம் கழுதைக் குரல். எனக்கே கத்துக்குடுத்துட்டாங்கன்னா பாத்துக்குங்க.” பெத்தீதா கரண்டியை ஆட்டிக்கொண்டு மெதுவாகப் பாடிக் காட்டினாள்: “நீ வராத சாயங்காலமெல்லாம் ஆத்துத் தண்ணி என் வாசல் வரைக்கும் வந்து போகுது…”

ஒத்தீலியாவின் கை நின்றது.

“இந்த வரி வர்றப்ப மட்டும் கையை மேல தூக்கிருவாங்க. மூச்சு எடுக்காதீங்கடின்னு அர்த்தம். தட்டுல அந்த இடத்துல, ஆத்துத் தண்ணிக்கு அப்புறம், ஒரு மூச்சுச் சத்தம் வரும். நீங்க கவனிச்சிருக்கீங்களா? நாங்க கவனிச்சதே இல்ல, அக்காதான் காட்டினாங்க. ‘கேளுங்கடி, இது எங்கக்கா மூச்சு. நான் இங்க மூச்சு எடுக்கவே மாட்டேன்’னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. நான் கேட்டேன், ‘ஏன்க்கா, அவங்க முதல் குரல், அவங்க மூச்சு கேட்டா என்ன தப்பு?’ன்னு. அதுக்கும் சிரிப்புதான். ‘நீ சட்டையைத் தைடி’ன்னாங்க.”

அந்த வரியில் முதல் குரல் கிடையாது. அங்கே இரண்டாம் குரல் தனியாக நிற்கும். தட்டில் அந்த இரண்டாம் குரலும் அக்காவுடையதுதான் என்று நர்சீசாவுக்குத் தெரிந்திருந்தது; பெத்தீதாவுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

ஒத்தீலியா வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நர்சீசா போன் செய்வாள். ஒருமுறை, சம்பந்தமே இல்லாமல், “தங்கப் பாட்டுக்கு நீ ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பே, இல்லக்கா?” என்று கேட்டாள். “எனக்கென்னடி கஷ்டம்? அதான் பழசையே போட்டாங்களே” என்றாள் இவள். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஒரு ஓட்டம் ஓடி நின்றது. பிறகு, “ஓ, ஆமால்ல” என்றாள் நர்சீசா. “கீத்தோவுல குளிர் எப்படி? காலுக்கு உறை போட்டுக்கிறியா?”

அவள் கதவைத் திறந்து வைத்திருந்தாள். நுழையத்தான் ஆளில்லை. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றே ஒன்றில் சொல்லியிருந்தால் என்ன, வெட்டியா போட்டிருப்பாள்? காலுக்கு உறை போடச் சொன்னவள் அவள்.

“அக்கா, போதும் வெங்காயம். இது படைக்கே பத்தும்” என்றாள் பெத்தீதா.

ஒத்தீலியா கையைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். சொல்லிவிடுவது என்றுதான் வந்தாள். மரித்சா பெட்டியருகே குனிந்து அம்மாவின் கழுத்துப்பட்டையை நீவிக்கொண்டிருந்தாள். நர்சீசா தனக்கென்று தைத்துக்கொண்ட பச்சைச் சட்டை. கோத்து வைத்த கைகளில், ஊசி குத்திக் குத்திக் காய்ப்பேறிய ஆள்காட்டி விரல் மேலாக இருந்தது.

“மரித்சா.”

“நானே வரணும்னு இருந்தேன் பெரியம்மா. அப்படிப் பேசியிருக்கக்கூடாது.” மரித்சா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ஒண்ணு கேக்கணும். கூடப் பாடினவங்க நீங்க, உங்களுக்குத்தான் தெரியும். எந்தப் பாட்டுல அம்மா குரல் நல்லாத் தனியாக் கேக்கும்? அதையே போடச் சொல்லிடறேன்.”

ஒத்தீலியா அந்த முகத்தைப் பார்த்தாள். அவள் பிறந்ததற்காகத்தான் ஒருத்தி இரண்டு வாரம் கேட்டாள். இப்போது அதைச் சொன்னால் யாருக்கு இறக்கி வைத்ததாகும்? தனக்கு. அந்தப் பாரத்தை யார் தலையில்? இந்தப் பெண்ணின் தலையில், அதுவும் நாலு மணிக்குள்.

“ஆத்தங்கரைப் பாட்டு” என்றாள். “அதுல ஒரு வரி அவளோடது மட்டும்தான்.”

நாலு மணிக்கு எல்லோரும் எழுந்தார்கள். எலியொதோரோ ஸ்பீக்கர்களை ஜன்னலில் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார். வாசலில் நின்ற தண்ணீரில் பலகை போட்டு, ஆறு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினார்கள். நர்சீசா சட்டை தைத்துக்கொடுத்த பள்ளிக்கூட வாசலில் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, அப்புறம் கல்லறைக்குப் போவதாக ஏற்பாடு. பின்னால் மரித்சா, அவள் பின்னால் தையல்காரப் பெண்கள், பெத்தீதா தலைத்துண்டை அவிழ்க்க மறந்தபடி.

பாட்டு தொடங்கியது. முதல் குரல், இளமையாக, கொஞ்சம் கர்வமாக. தெருவில் இரு பக்கமும் ஆட்கள் வீட்டைவிட்டு வெளியே வந்தார்கள். “நர்சீசா பாரு, நர்சீசா” என்று ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். மரித்சாவின் முதுகு குலுங்கியது. ஒத்தீலியா வாசற்படியில் ஒரு கால், பலகையில் ஒரு கால் என்று நின்றாள்.

நீ வராத சாயங்காலமெல்லாம் ஆத்துத் தண்ணி…

பெத்தீதாவின் கை தலைகளுக்கு மேலே உயர்ந்தது. ஸ்பீக்கர் மூச்சு எடுத்தது. அந்தப் பெரிய பெட்டிகளில் அது தெருவுக்கே கேட்டது. தையல்காரப் பெண்கள் எடுக்கவில்லை. கழுதைக் குரலும் நல்ல குரலுமாக, அந்த மூச்சின் மேலேயே ஏறி, என் வாசல் வரைக்கும் என்று ஒரே இழுப்பில் கொண்டுபோனார்கள். நர்சீசா இழுக்கிற அதே இழுப்பு. கடைசிச் சொல்லில் ஒரு பொட்டு கீழே இறக்குவாளே, அதைக்கூட விடவில்லை.

ஒத்தீலியா திரும்பி வீட்டுக்குள் போனாள். கூடம் காலியாக இருந்தது. பெட்டி வைத்திருந்த இரண்டு முக்காலிகளும், அணைத்த மெழுகுவர்த்திகளும், நின்றுபோன விசிறியும் மட்டும் இருந்தன. சுவரோரம் குனிந்து ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கினாள்.

“ஐயோ, என்னம்மா பண்றீங்க! பாட்டு பாதியில…” எலியொதோரோ வாசலிலிருந்து ஓடிவந்தார். வந்தவர் பாதி வழியில் நின்று வெளியே காது கொடுத்தார்.

வெளியே பாட்டு நிற்கவில்லை. முதல் குரல் போய்விட்டது. அதன் துணையில்லாமல், இரண்டாம் குரல் மட்டும், தண்ணீரில் கால் சளக் சளக்கென்று விழும் சத்தத்தோடு தெருமுனையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. மரித்சாவின் குரலும் அதில் சேர்ந்திருந்தது.

அந்த வரி திரும்பவும் வந்தது. ஒத்தீலியா பிளக்கைக் கையில் பிடித்தபடி, அது முழுசாக முடியும்வரை மூச்சு எடுக்காமல் நின்றாள்.